மருமகள் எந்தக் குடும்பம்?

2024 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் சூட்டில், வாரிசு வரி என்ற சொல் திடீரென்று எல்லார் வாயிலும் புகுந்தது. அமெரிக்காவில் இருக்கும் வரியைப் பற்றி காங்கிரஸ்காரர் சாம் பிட்ரோடா ஒரு பேட்டியில் சொல்லப்போக, தொலைக்காட்சியில் அதே பேச்சு. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானும் பேசினேன். "நம்ம நாட்டுல அந்த வரியே கிடையாது. அப்பா நிலம் பிள்ளைக்கு அப்படியே வந்து சேரும்" என்று அடித்துச் சொன்னேன். கணக்குப் பிரிவில் பல வருஷமாக இருக்கிறவள் என்பதால் யாரும் மறுக்கவில்லை. நான் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் நாலே மாதத்தில், ஆவணி மாதம் ஒரு காலையில், பத்திர எழுத்தர் கடையின் மர பெஞ்சில் அப்பாவுக்கும் அண்ணிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பேச்சு எனக்கே திரும்பி வந்தது. அன்றிலிருந்து அது மனசில் ஆறாமல் கிடக்கிறது.

வாரிசு வரி இங்கே இருந்த காலமும் உண்டு. எஸ்டேட் டூட்டி என்று 1953இல் கொண்டு வந்தார்கள். ஒருவர் இறந்ததும் அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பைக் கணக்கிட்டு வாங்குவார்கள். பெரிய சொத்துக்களின் மேல்படிக்கு அது 85 சதவீதம் வரை போனது. ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ரூபாய்தான் வருகிறது, அதை வசூலிக்க ஆகும் செலவும் வழக்கும் அதிகம் என்று 1985இல் நிதியமைச்சர் வி.பி. சிங் அதை எடுத்துவிட்டார். உயிரோடு இருக்கும்போது கொடுப்பதற்கு இருந்த நன்கொடை வரியும் 1998 அக்டோபரோடு போனது. இப்போது வருமான வரிச் சட்டத்தில், உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் இலவசமாக வந்தால் வரி. உறவினர் கொடுத்தால் எவ்வளவானாலும் வரி இல்லை. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். சாப்பாட்டு மேசையில் அத்தனை உறுதியாகப் பேசியதும் அதனால்தான். நிலம் கைமாறும் இடம் வருமான வரி அலுவலகம் இல்லை, சார்பதிவாளர் அலுவலகம் என்பது மட்டும் அப்போது நினைவில் வரவில்லை.

மூன்று ஏக்கர் நாற்பது சென்ட்

எங்கள் நிலம் பெருந்துறைப் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனம். பூர்வீகம் இல்லை. 1979இல் அப்பா சொந்த உழைப்பில் கிரயம் வாங்கியது. நான் கல்யாணமாகி கோயம்புத்தூர் வந்துவிட்டேன். அண்ணன் காட்டைப் பார்த்துக்கொண்டான். 2013இல் ஒரு விபத்தில் அவன் போய்ச் சேர்ந்தபோது அண்ணிக்கு முப்பத்தொரு வயசு. குழந்தை இல்லை. காரியம் முடிந்ததும் அவர்கள் வீட்டிலிருந்து வந்து கூப்பிட்டார்கள். "மஞ்சளுக்கு இன்னும் ரெண்டு தண்ணி பாக்கியிருக்குது. வெட்டி முடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லி அனுப்பியவள், அதற்கப்புறம் போகவே இல்லை.

அண்ணி தண்ணீர் கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாய்க்கால் தண்ணீர் நம் மடைக்கு வரும் முறை சில சமயம் நடுராத்திரியில் விழும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் மண்வெட்டி. பாத்தி நிறைந்ததா என்று டார்ச் அடித்துப் பார்க்க மாட்டாள். காலை வைத்துப் பார்த்து, கணுக்கால் நனைந்தால் மடையைத் திருப்பிவிடுவாள். அம்மா படுக்கையில் விழுந்து கிடந்த ஒன்றரை வருஷமும் துணி மாற்றியது, ஊட்டியது எல்லாம் அவள்தான். நான் மாதத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மாவின் கடைசி நாள்களில் அவள் முகத்தைத் தேடின கண்கள் என்னைத் தேடவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. நியாயம் அதுதான் என்று அப்போதே தோன்றியது.

நிலம், கிணறு, கரண்ட் இணைப்பு, சொசைட்டிப் பயிர்க்கடன் எல்லாமே அப்பா பேரில். கடன் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எண்பது தாண்டின அப்பாவை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பின்னால் உட்கார வைத்து, விழுந்துவிடாமல் இருக்க அவர் கையைத் தன் இடுப்பைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லி, அண்ணி கையெழுத்துக்குக் கூட்டிப் போவாள். சிட்டாவில் பேர் இல்லாதவள் எந்தக் கவுண்டரில் நின்றாலும் "ஓனர் வரலீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. பதினோரு வருஷமாக உழுது விதைத்து அறுத்தவளுக்கு எந்த ஏட்டிலும் விவசாயி என்று பேர் இல்லை.

அந்த ஆடியில் நான் போயிருந்தபோது அப்பாவே பேச்சை எடுத்தார். "ஏங்கண்ணு, காட்டை அவ பேருக்கே எழுதிப்போடலாம்னு இருக்கறேன். உனக்கு மனசுல ஏதாச்சும் இருந்தாச் சொல்லீரு." மனசில் ஒன்றுமில்லை என்று சொன்னேன். அப்படிச் சொன்னது முழு உண்மையா என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அந்தக் கிணற்றில்தான் நீச்சல் பழகினேன். அதில் எனக்கும் ஒரு பாதி உண்டு என்ற எண்ணம் என் கணவருக்கு இருந்திருக்கலாம். எனக்கும் எங்கோ இருந்திருக்கலாம். ஆனால் விடியும்போது தெளிவாகிவிட்டது: அந்த மண்ணில் என் வியர்வை ஒரு சொட்டும் இல்லை.

உறவு முறை என்னங்க?

பத்திர எழுத்தர் அப்பாவுக்குப் பழக்கமானவர். பணம் வாங்காமல் எழுதிக் கொடுக்கும் தான செட்டில்மென்ட் என்றதும் சந்தோஷமாக ஒரு துண்டுத்தாளை எடுத்துக் குறிப்பெழுத ஆரம்பித்தார். சர்வே நம்பர், விஸ்தீரணம், நான்கெல்லை, கிணறு, மோட்டார், பன்னிரண்டு தென்னை. "பெத்தவங்க பிள்ளைங்களுக்கு எழுதினா செலவு பெருசா இல்லீங்க. நிலத்துக்கு அரசாங்கம் வெச்சிருக்கற வழிகாட்டி மதிப்புல ஒரு சதவீதம் முத்திரைத் தீர்வை, அதுவும் 40,000க்கு மேல போகாது. பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், 10,000க்கு மேல இல்ல" என்றார். 2023 ஜூலை வரை அது 25,000மும் 4,000மும்தான், இப்போது கூட்டிவிட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மணி பேருதானுங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்க, இவங்க பேருக்கு."

"உறவு முறை என்னங்க?"

"மருமக" என்றார் அப்பா.

பேனா நின்றது. அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மருமகன்னா குடும்பத்துல வராதுங்களே" என்றார் மெதுவாக. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். என்ன சொல்கிறார் என்று என்னைப் பார்த்தார். அண்ணிக்குக் காது நன்றாகவே கேட்கும். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே ரோட்டைப் பார்த்தாள்.

அந்த மனிதர் மேல் தப்பில்லை. செட்டில்மென்ட் பத்திரத்துக்குச் சலுகை கொடுக்கும் சட்டப் பிரிவில் குடும்பம் என்றால் யார் யார் என்று பட்டியல் இருக்கிறது. தந்தை, தாய், கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளை என்று போகும். தத்தெடுத்த பிள்ளையையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள். மருமகள் இல்லை, மருமகனும் இல்லை. பட்டியலுக்கு வெளியே இருக்கிறவருக்கு எழுதினால் அந்நியருக்கு விற்கும் கணக்குத்தான்: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், உச்சவரம்பு கிடையாது. எங்கள் பக்கம் வழிகாட்டி மதிப்பு ஏக்கருக்கு 20 லட்சம். மூன்று ஏக்கர் நாற்பது சென்ட்டுக்கு 68 லட்சம். அவர் கால்குலேட்டரைத் தட்டி எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். 6,12,000. எனக்கு எழுதினால் 50,000.

அந்த இரண்டு எண்களையும் பல மாதம் மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தக் காட்டை விட்டுப் போனவளுக்கு ஐம்பதாயிரம். ராத்திரி மடை திருப்பினவளுக்கு ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். என் பேரில் வாங்கி நான் அவளுக்கு எழுதலாமா என்று கேட்டேன். அண்ணன் மனைவியும் அந்தப் பட்டியலில் இல்லை, அதே ஒன்பது சதவீதம்தான், இரண்டு தடவை செலவுதான் மிச்சம் என்றார்.

மற்ற சட்டங்களுக்கு அவள் யார் என்று பார்த்தால் நெஞ்சு இன்னும் கனக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், முன்னால் இறந்துபோன மகனின் விதவை முதல் வகுப்பு வாரிசு. அப்பா ஒன்றும் எழுதாமல் கண்ணை மூடினால், நானும் அண்ணியும் ஆளுக்குப் பாதி. அதாவது அப்பா செத்தால் அவள் இந்தக் குடும்பத்தின் வாரிசு. வருமான வரிச் சட்டத்திலும் மாமனார் மருமகளுக்கு உறவினர். எவ்வளவு கொடுத்தாலும் வாங்குகிறவளுக்கு வரி இல்லை. முத்திரைச் சட்டத்துக்கு மட்டும் அவள் வேற்றாள். ஒரே பெண், ஒரே மாமனார், ஒரே நிலம். எந்த மேசைக்கு முன்னால் நிற்கிறாள் என்பதைப் பொறுத்து அவள் குடும்பம் ஆகிறாள், ஆகாமல் போகிறாள்.

நான் எப்பச் சாவேன்னு

"உயில் எழுதிருங்க" என்றார் பத்திர எழுத்தர். அதுதான் எல்லாரும் சொல்லும் வழி. உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. பதிவு செய்வதும் கட்டாயமில்லை, செய்தால் பலம். அப்பா காலத்துக்குப் பிறகு முழுதும் அவளுக்கே வரும். நான் நிம்மதியாகத் தலையாட்டினேன். அப்பாவிடம் காதருகே குனிந்து விளக்கினேன்.

அவர் கேட்டு முடித்துவிட்டு, கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அப்ப நான் எப்பச் சாவேன்னு அவ பாத்துட்டு இருக்கோணுமா?"

"ஐயோ, வேண்டாமுங்க மாமா, அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று அண்ணி எழுந்தே விட்டாள்.

அந்த ஒரு கேள்வியில்தான் நான் ஏப்ரலில் பேசியதன் குறை எனக்குத் தெரிந்தது. சாவுக்கு இங்கே வரி இல்லை, சரி. அப்பா கையால் கொடுத்து, அவள் கையால் வாங்கி, அவர் கண் முன்னால் அவள் ஓனராக நிற்பதற்குத்தான் வரி. காத்திருந்தால் இலவசம். விவசாயிகளுக்குப் பணம் தரும் பிரதமரின் கிசான் திட்டத்திலும் இதே கதை. 2019 பிப்ரவரி 1ஆம் தேதிக்குப் பிறகு நிலம் பேருக்கு வந்தவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் கிடையாது. சொந்தக்காரர் இறந்து வாரிசு முறையில் வந்திருந்தால் மட்டும் உண்டு. உயிரோடு கொடுத்தால் கொடுத்தவருக்கும் போய், வாங்கினவருக்கும் வராது. கிராமத்தில் தொண்ணூறு வயசுக்காரர் பேரில் பட்டா கிடப்பதும், அறுபது வயசு மகன் இன்னும் அப்பாவின் கைநாட்டுக்குக் காத்திருப்பதும் வெறும் பிடிவாதத்தால் வருவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். காத்திருக்கச் சொல்வதில் சட்டத்துக்கும் பங்கு இருக்கிறது.

அரசின் பக்கத்து நியாயத்தையும் யோசித்துப் பார்த்தேன். பட்டியலைத் தளர்த்தினால், விற்பனையைத் தானம் என்று சொல்லித் தீர்வையை ஏய்ப்பார்கள். முத்திரைத் தீர்வையும் பதிவும் மாநிலத்தின் சொந்த வருவாயில் பெரிய பங்கு. எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதற்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. மகாராஷ்டிரத்தில் விவசாய நிலத்தையும் குடியிருக்கும் வீட்டையும் குடும்பத்துக்குள் தானம் கொடுத்தால் முத்திரைத் தீர்வை 200 ரூபாய். அந்தப் பட்டியலில் கணவன், மனைவி, மகன், மகள், பேரன், பேத்தி என்று எழுதிவிட்டு, கடைசியில் 'இறந்த மகனின் மனைவி' என்று தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். அதை முதல் முறை படித்தபோது, யாரோ ஒரு அதிகாரி எங்கள் அண்ணியைப் போன்ற ஒருத்தியை நேரில் பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது. கர்நாடகத்துச் சலுகைப் பட்டியலிலும் மருமகள் உண்டு. இறந்த மகனின் மனைவியை எத்தனை பேர் ஏய்ப்புக்குப் பயன்படுத்திவிட முடியும்? இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கையில் இருக்கும் உறவு அது.

நம் மாநிலம் குடும்பம் என்ற சொல்லை அகலப்படுத்தத் தெரியாத மாநிலமும் இல்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று 1989 மார்ச் 25 முதல் சட்டம் செய்தது தமிழ்நாடு. நாடு முழுவதற்கும் அது வர 2005 செப்டம்பர் ஆனது. பதினாறு வருஷம் முன்னால் போன ஊர் இது. எனக்கு இன்று 50,000 ரூபாய்ச் சலுகையில் இடம் இருக்கிறதென்றால், 'மகள்' என்ற சொல்லை யாரோ ஒரு காலத்தில் போராடி உள்ளே கொண்டு வந்ததால்தான். அந்த வாசலுக்குள் நின்றுகொண்டு அண்ணியை வெளியே பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. இறந்த மகனின் மனைவி, இறந்த மகளின் கணவன் என்று இரண்டே வார்த்தைத் தொடர்களை நம் பட்டியலிலும் சேர்க்க வேண்டும் என்று எழுத வேண்டிய இடத்துக்கெல்லாம் எழுதியிருக்கிறேன். இங்கேயும் எழுதுகிறேன்.

அந்த நவம்பரில் லண்டன் தெருக்களில் டிராக்டர்கள் நின்ற படத்தைப் பார்த்தேன். விவசாய நிலத்துக்கு அங்கே இருந்த வாரிசு வரி விலக்கைப் பத்து லட்சம் பவுண்டோடு நிறுத்தி, அதற்கு மேல் 20 சதவீதம் என்று பட்ஜெட்டில் அறிவித்திருந்தார்கள். வரி கட்டவே நிலத்தை விற்க வேண்டிவரும் என்பது அவர்கள் பயம். முன்பென்றால் வெள்ளைக்காரப் பண்ணையார்கள் கவலை என்று தாண்டிப் போயிருப்பேன். ஆறு லட்சம் கட்ட எங்களுக்கும் முப்பது சென்ட்டாவது விற்க வேண்டியிருந்திருக்கும். ஒன்பது சதவீதம் என்பது ஏக்கரில் பார்த்தால் அதுதான். (பின்னால் 2025 டிசம்பரில் அந்த வரம்பை 25 லட்சம் பவுண்டாக உயர்த்தினார்கள். தெருவுக்கு வந்தவர்களுக்குக் கொஞ்சமாவது காது கொடுத்தார்கள்.)

கிணற்றுக் காடு

கடைசியில் வழி சொன்னது அண்ணிதான். வீட்டுக்கு வந்து மூன்று பேருக்கும் காப்பி வைத்துக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாம் எதுக்குங்க மாமா? கெணத்துக் காடு அம்பது சென்ட் மட்டும் இப்ப எழுதுங்க. மோட்டாரும் அதுலதான் இருக்குது. மீதிய உயில்ல போட்டுக்கலாம்." ஐம்பது சென்ட்டுக்கு வழிகாட்டி மதிப்பு 10 லட்சம். ஒன்பது சதவீதம் 90,000. மஞ்சள் விற்று வைத்திருந்ததில் அந்தப் பணத்தை அவளே கட்டுவதாகச் சொன்னாள். நான் பாதி தருகிறேன் என்றேன். வாங்கவில்லை.

பத்திரத்தில் ஷரத்து போடலாமா என்ற பேச்சு வந்தபோது இன்னொரு சின்னச் சண்டை. எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் கிடப்பவர்களை ஒவ்வொரு ஊரிலும் பார்க்கிறோம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, அது நடக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்ய 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவது பாதுகாப்பு என்றார் பத்திர எழுத்தர். "பதினோரு வருசமா சோறு போடறவளுக்குச் சோறு போடுன்னு எழுதிக் குடுக்கறதா?" என்று அப்பா கோபப்பட்டார். அண்ணி விடவில்லை. "எழுதுங்க. நாளைக்கு ஊர்ல யாரும் பேசக் கூடாது" என்றாள். எழுதினோம். அப்பா ஆயுள் வரை கிணற்றுத் தண்ணீரும் தென்னை மகசூலும் அவர் அனுபவம் என்பதையும் சேர்த்தோம். மீதி நிலத்துக்கான உயிலையும் அன்றே பதிவு செய்தோம்.

பதிவு நாளில் கைரேகைக் கருவியில் அப்பாவின் விரல் விழவே இல்லை. மண்ணில் கிடந்து தேய்ந்த விரல். ஒவ்வொரு விரலாக ஈரத்துணியில் துடைத்து வைத்துப் பார்த்தார்கள். நாலாவது விரலில் பச்சை விளக்கு எரிந்தது. அண்ணிக்கும் முதல் தடவை விழவில்லை. எனக்கு முதல் தடவையிலேயே விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து அளந்து கல் நட்டு, பட்டா மாறி வர நாலு மாதம் ஆனது. இ-சேவை மையத்தில் எடுத்த தாளை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்தாள் அண்ணி. பிரதமர் திட்டத்துப் பணம் அவளுக்கு வராது, தெரியும். கரண்ட் இணைப்புப் பேர் மாற்றம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்படியும் எழுத்து பிடிபடாமல் என்னிடம் நீட்டினார். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் முதலில் அண்ணன் பெயர், அடுத்து 'மனைவி', அதற்கடுத்து அண்ணி பெயர்.

அண்ணன் பேரில் ஒரு சென்ட் நிலமும் இருந்ததில்லை. எந்தப் பட்டாவிலும் அவன் பெயர் வந்ததில்லை. நான் சத்தமாகப் படித்தேன். அப்பா இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.